எடை

படகில் ஏற வருகிறவர்களிடம்
பெயருக்கு முன்னால் எடையைக் கேட்கிறேன்.
மரியாதையில்லைதான்.
பதினோரு அடி ஒட்டுப்பலகை டிங்கிக்குப்
பெயர் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

முதலில் வந்தவன் ஹாலன். எண்பத்தாறு கிலோ.
எமரால்டு மின்வாரியக் குடியிருப்பில் ஃபிட்டர்.
இடது என்றால் யோசிப்பான்,
யோசித்ததை என் முகத்தில் சரிபார்ப்பான்,
பிறகு வலப்பக்கம் நகர்வான்.
மூன்று ஞாயிறு, மூன்று முறை கவிழ்ந்தோம்.
மூன்றாம் முறை
அவனுக்கு முன்னால் அவன் செருப்பு மேலே வந்தது.
கேரட் கழுவும் மிஷின் வாங்கிவிட்டேன்,
இனி நேரமிருக்காது என்று சொல்லி அனுப்பினான்.
நான் விசாரிக்கவில்லை.

நான் மணப்பாட்டுக்காரன்.
ஆனால் நான் பிறக்கும்போதே எல்லாம் என்ஜின்.
தாமான், ஆஞ்சான் என்று
சொற்கள் மட்டும் வாயில் இருந்தன,
கயிறு கையில் இல்லை.
பாய் விரிக்கக் கற்றது இங்கே வந்துதான்,
ஏழாயிரம் அடி உயரத்தில்,
ராத்திரி ஷிஃப்டில் போனில் வீடியோ பார்த்து.

கடலில் வாடைக்கும் கொண்டலுக்கும்
வரும் திசை உண்டு, ஒரு நேர்மை உண்டு.
இங்கே காற்று
அவலாஞ்சிப் பக்கம் புறப்பட்டு
இரண்டு தேயிலைச் சரிவில் முட்டி
மூன்றாவதில் மனம் மாறி
பாயின் தப்பான கன்னத்தில் அறைகிறது.

அடுத்து செசிலி. நாற்பத்தொன்பது.
ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ்.
சொன்னதைச் சொன்னபடி
சொன்ன நொடியில் செய்வாள்.
அதுதான் சிக்கல்.
என் வாயிலிருந்து சொல் கிளம்பும்போதே
காற்று எங்களைக் கடந்து
எதிர்க்கரைச் சவுக்கை உலுக்கிக்கொண்டிருக்கும்.
கூடலூருக்கு மாற்றலாகிப் போனாள்.
லைஃப் ஜாக்கெட்டைத் துவைத்து, மடித்து,
ரசீது கேட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

மார்ச்சில் பவர்ஹவுசுக்குத் தண்ணீர் திறந்தார்கள்.
அணை இறங்க இறங்க
பழைய மரக்கட்டைகள் தலை நீட்டின.
போக இடம் குறைந்தது, திரும்பும் தடவைகள் கூடின.
அப்போது வந்தாள் சுசித்ரா பெள்ளி.

அறுபத்தொன்று என்றாள், நான் கேட்பதற்கு முன்.
மேட்டுப்பாளையம் மண்டிக்கு
பிக்கப்பில் கேரட் ஏற்றிப் போகிறவள்.
பாயைப் பார்க்கவே மாட்டாள்.
தண்ணீர் எங்கே கறுக்கிறது என்று பார்ப்பாள்,
கரையில் யூகலிப்டஸ் இலை
எந்தப் பக்கம் புரள்கிறது என்று பார்ப்பாள்,
பார்த்துக்கொண்டே நகர்ந்துவிடுவாள்.

முதல் நாள் கத்தினேன்:
நான் சொல்லாம எதுக்கு நகர்ந்த?

லோடு சாயப்போவுதுன்னு தெரிஞ்சா
வண்டி சொல்லட்டும்னு உக்காந்திருப்பாங்களா?

அப்புறம் நாங்கள் அதிகம் பேசவில்லை.
கட்டைகளுக்கு நடுவே
படகு ஊசி போலப் போய் வந்தது.
கட்டளையிட எனக்கு ஒன்றும் மிச்சமில்லாததில்
கொஞ்சம் வருத்தம்கூட.

ஜூனில் ஒரு ஞாயிறு, கையை நீட்டினாள்:
சுக்கானைக் குடுங்க.

முன்னால் போய் உட்கார்ந்தேன்.
பாயின் நிழல், முழங்காலில் ஈரம்,
முதுகுக்குப் பின்னால் இன்னொருவர் முடிவெடுக்கும் சத்தம்.
அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன்.
அவள் சொல்கிறவள் இல்லை.
பூம் என் தலைக்கு மேல் தாண்டியபோதும்
காத்துக்கொண்டுதான் இருந்தேன்,
ஹாலனைப் போல, செசிலியைப் போல,
தண்ணீருக்குள் போகும் வரை.

அந்தக் குளிரைச் சொல்லத் தெரியவில்லை.
மூச்சு உள்ளே போய், வெளியே வர மறந்தது.
கவிழ்ந்த படகின் நடுப்பலகைமேல்
ஏறி நின்றிருந்தாள்,
கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து.
கேட்டாள்:
உங்க எடை எவ்வளவு?

எழுபத்திரண்டு என்றேன், பற்கள் அடிக்க.

அடுத்த ஞாயிறு நான் வரும்போது
படகு தயாராகியிருந்தது.
நான் உட்காரும் இடத்துக்கு எதிர்ப்பக்கம்
சாக்கில் கட்டி நாலு கிலோ பீட்ரூட் வைத்திருந்தாள்.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.